எல்லா வானத்திலும் ஒரே புள்ளி

வண்டியின் குளிரிலிருந்து இறங்கியதும்
லென்ஸ் வியர்த்துவிடும்.
துடைக்கக் கூடாது.
ஆகஸ்டில் தெளிய இருபது நிமிடம் ஆகும்.
அதுவரை ஜஸீரா அல் ஹம்ரா
மோரில் கரைத்த ஊராய் நிற்கும்.

அந்த இருபது நிமிடம்தான்
நான் வெறுங்கண்ணால் பார்ப்பது.

கதவில்லாத வீடுகள்.
சுவரைத் தொட்டால் கைக்குக் கடல் தட்டுப்படும்:
பவளக்கல்லின் பொடித் துளைகள்,
நடுவே வாய் திறக்காத ஒரு சிப்பி.
முத்துக் குளித்தவர்கள்
கடலை வெட்டி வந்து வீடு கட்டி
ஒருநாள் வீட்டை விட்டுப் போயிருக்கிறார்கள்.
ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு காரணம்.
ஜின் என்றான் டாக்சிக்காரன்.
எனக்கு ஜின் தெரியாது,
கம்ப்ரஸர் தெரியும்.

ராஸ் அல் கைமாவின் மொட்டைமாடிகளில்
வாரம் ஆறு நாள் கேஸ் அடிக்கிறவன் நான்.
இங்கே ஒரு வீட்டின் தலையில் காற்றுக் கோபுரம்,
நாலு பக்கமும் வாய்.
எந்தத் திசைக் காற்றையும் பிடித்திழுத்து
கீழே இருப்பவன் பிடரியில் விடும்.
முதல்முறை அதனடியில் நின்றபோது
பழக்கதோஷத்தில் கையை நீட்டி
எத்தனை டிகிரி என்று பார்த்தேன்.
அப்புறம் ஃபில்டரைத் தேடினேன்.

கேமரா, ரொமெல் மணிலா திரும்பும்போது
முந்நூற்றைம்பது திர்ஹத்துக்குத் தந்தது.
சென்சாரில் ஒரு கறை, எள்ளளவு,
எத்தனை முறை துடைத்தும் போகவில்லை.
நான் எடுத்த எல்லா வானத்திலும் அது இருக்கிறது.
ஜெபல் ஜைஸ் மேலே.
தாயா கோட்டை மேலே.
உப்புத்தரை வெடித்துக் கிடந்த மாலைமீது.
"பருந்தா?" என்று போனில் கேட்டாள் பூங்கோதை.
ஆமாம் என்றுவிட்டேன்.
எல்லாப் படத்திலும் ஒரே பருந்து வருவதை
அவளும் கேட்கவில்லை.

எனக்கொரு விதி இருந்தது:
பழைய கட்டடத்தில் ஆள் நுழையக் கூடாது.
காத்திருப்பேன்.
சுற்றுலாக் குடும்பம் நகரும்வரை,
காவலாளி தேநீருக்குப் போகும்வரை.
மணல்மேட்டுக்கும் அதே விதிதான்.
பதினான்கு மாதப் படங்களைப் புரட்டினால்
மலையா, கவிழ்ந்த சர்க்கரை டப்பாவா
சொல்ல முடியாது.
அளந்து பார்க்க ஓர் ஆள் இல்லை.

மார்ச்சில் எடுத்தேன் என் சிறந்த படத்தை.
பள்ளிவாசலுக்குப் பின்தெரு,
மேலிருந்து கீழாக ஓடும் விரிசல்,
அதற்குள் ஒரு கோடு வெயில்.
அதையே இன்னும் நன்றாக எடுக்க
போன வெள்ளி மறுபடி போனேன்.

விரிசலைக் காணோம்.

சாந்துச் சட்டியோடு ஒருவர் குந்தியிருந்தார்.
சில்ஹெட்காரர், பெயர் மொஃபிஸுல்.
என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
"படம் கெட்டுப்போச்சா?" என்றார்
எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத இந்தியில்.

கெட்டது என்று எப்படிச் சொல்வது?
மூன்று வெள்ளிக்கு முன்
நூறாண்டுப் பழமை என்று நான் குனிந்து வணங்கி எடுத்த
அந்த மூலைச் சுவரும்
போன ரமலானில் தான் பூசியது என்று
கரண்டியால் காட்டினார் அவர்.
என் தொகுப்பில் பாதிக்கு
அவர்தான் கொத்தனார்.
ஒரு படத்தில் அவருடைய நீலச் சட்டியை
ஓரத்தில் வெட்டி எறிந்திருக்கிறேன்.

வெட்கத்தை மறைக்க கேமராவைத் தூக்கி
"நில்லுங்கள், ஒன்று எடுக்கிறேன்" என்றேன்.
அவர் ஃபிரேமை விட்டு நகர்ந்தார்.

"நான் வேண்டாம். சுவரை எடு.
பழசு மாதிரி தெரியுதா பார்."

எடுத்தேன்.
வானமே இல்லை, முழுக்கச் சுவர்.
காய்ந்தும் காயாத சாந்து
மாலையை மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தது.

திரையைக் கைநிழலில் பிடித்து
கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.
வலது மேல்மூலையில் விரல் நின்றது.
"இது என்ன?"

கேமராவில் உள்ள கறை என்று
இந்தியில் நான் சொல் தேடுவதற்குள்
எழுந்துபோய்,
சுவரில் அதே இடத்தைக் கண்டுபிடித்து
கட்டைவிரலை எச்சில் தொட்டு
தேய்த்துக்கொண்டிருந்தார்.